கொஞ்சம் பணம், வீட்டில் ஒரு டர்போ கார்: எதில் முதலில் கைவைப்பது?

டர்போ இல்லாத இன்ஜினில் கொஞ்சம் சக்தி கூட்ட வேண்டுமென்றாலும் கேம்ஷாஃப்ட், சிலிண்டர் ஹெட், கம்ப்ரஷன் என்று பெரிய வேலையில் இறங்க வேண்டும். டர்போ இன்ஜினில் அந்தக் கஷ்டம் இல்லை. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி கம்பெனியிலிருந்தே மாட்டப்பட்டு வருகிறது, அதை இன்னும் கொஞ்சம் வேலை வாங்கினால் போதும். வீட்டு ஷெட்டில், அளவான செலவில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வேகமாக்க நினைப்பவர்கள் டர்போ வண்டியைத் தேடிப் போவதற்குக் காரணம் இதுதான். அதே வண்டிகளின் இன்ஜின்கள் அதிகமாக உடைவதற்கும் காரணம் இதுதான்.

கணக்கு எளிமையானது. கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் சுமார் 1 பார், அதாவது 14.7 பிஎஸ்ஐ. டர்போ 0.7 பார் கூடுதல் அழுத்தம், அதாவது பூஸ்ட், கொடுத்தால் இன்ஜினுக்குள் போகும் காற்றின் மொத்த அழுத்தம் 1.7 பார். பூஸ்டை 1 பாருக்கு ஏற்றினால் மொத்தம் 2 பார். வெப்பநிலை மாறாமல் இருந்தால் உள்ளே போகும் காற்று சுமார் 18 சதவீதம் கூடும். அதற்கேற்ற பெட்ரோலும் போனால் சக்தியும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு ஏறும். ஒரு திருகைத் திருப்பி இவ்வளவு கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

வெப்பநிலை மாறாமல் இருக்காது என்பதுதான் பிரச்சினை. 30 டிகிரி செல்சியஸில் உள்ளே வரும் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், 70 சதவீதத் திறனோடு ஓடும் கம்ப்ரஸரிலிருந்து அது 120 டிகிரிக்கு மேல் வெளியே வரும். சூடான காற்று நாக்கிங்கைக் கொண்டுவரும். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ சிலிண்டரின் மறுமுனைக்குப் போய்ச் சேரும் முன்பே, மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடிப்பதைத்தான் நாக்கிங் என்கிறோம். பிஸ்டனின் ரிங் இருக்கும் விளிம்புகள் உடைவது, ஹெட் கேஸ்கட் போவது எல்லாம் பெரும்பாலும் இதன் விளைவு. டர்போ வண்டியில் செய்யும் எந்த மாற்றத்தையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: இது நாக்கிங்கிலிருந்து என்னைத் தள்ளி வைக்கிறதா, அருகே கொண்டுபோகிறதா?

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குறைந்த பணத்தில் வீட்டிலேயே செய்பவர் முதலில் வண்டியின் ஆரோக்கியத்துக்கும், அடுத்து அளவெடுக்கும் கருவிக்கும் செலவழிக்க வேண்டும். மூன்றாவதாக, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான கம்பெனி ஈசியூவையே வைத்துக்கொண்டு, தன் வண்டிக்கென்றே எழுதப்பட்ட மேப்புக்கு (பெட்ரோல், பொறி, பூஸ்ட் எவ்வளவு என்று ஈசியூவுக்குள் இருக்கும் கணக்கு அட்டவணைக்கு) போக வேண்டும். மின்னும் பாகங்களெல்லாம் அதற்குப் பிறகு. ஆனால் எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது, எங்கே பொருந்தாது என்பதையும் பார்ப்போம்.

வண்டி தாங்குமா?

பதினைந்து வருடப் பழைய டர்போ வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த சக்தியோடு இப்போது ஓடுவது அபூர்வம். ஹோஸ்கள் காய்ந்து வெடித்திருக்கும், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் குழாயின் கிளாம்ப் தளர்ந்திருக்கும், வேக்குவம் குழாய் ஏதோ ஒன்று கழன்றிருக்கும். டர்போ அழுத்திய காற்றில் ஒரு பங்கு வழியிலேயே வெளியேறிவிடும். அந்த இழப்பை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும், காற்று இன்னும் சூடாகும். இந்த நிலையில் பூஸ்டை ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் இன்னும் வேகமாகத் தண்ணீர் ஊற்றுவது போல.

பூஸ்ட் லீக் டெஸ்ட் வீட்டிலேயே செய்யலாம். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, டர்போவின் வாயில் பொருந்துகிற பிவிசி மூடி ஒன்றில் டயர் வால்வைப் பொருத்தி, சின்ன கம்ப்ரஸரால் மெதுவாகக் காற்றடிக்க வேண்டும். வண்டியின் வழக்கமான பூஸ்ட் அளவைத் தாண்ட வேண்டாம். சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனால் எங்கே நுரை வருகிறதோ அங்கே ஓட்டை. இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பல வண்டிகளில் இந்த ஒரு வேலையிலேயே இழுவை திரும்பி வந்துவிடும். வேறு எந்த பாகம் வாங்கியும் இந்த விலைக்கு இந்தப் பலன் கிடைக்காது.

அப்புறம் ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கட்டுகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். எண் எவ்வளவு என்பதைவிட நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ட்யூனிங் பேச்சையே தள்ளிவைத்துவிட்டு, சிலிண்டருக்குள் காற்றடித்துக் கசிவைத் தேடும் லீக்டவுன் டெஸ்ட் செய்து காரணத்தைக் கண்டுபிடியுங்கள். வெளியேறும் காற்றின் சத்தம் ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங், சைலன்சர் பக்கம் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்.

உங்கள் இன்ஜினின் வரலாற்றையும் படியுங்கள். எல்லா டர்போ இன்ஜினும் ஒன்றல்ல. மிட்சுபிஷி எவல்யூஷன்களில் வந்த 4ஜி63, டொயோட்டா சூப்ராவின் 2ஜேஇசட்-ஜிடிஇ இரண்டும் வார்ப்பிரும்பு பிளாக் கொண்டவை, கம்பெனி கொடுத்த சக்திக்கு மேலும் நிறையத் தாங்குகிற பெயர் பெற்றவை. சுபாரு டபிள்யூஆர்எக்ஸின் 2.5 லிட்டர் இஜே இன்ஜினில் பிஸ்டன் ரிங் விளிம்புகள்தான் பலவீனம், சில தடவை நாக்கிங் பலமாக வந்தாலே உடைந்துவிடும். மஸ்தாஸ்பீட் 3-இன் 2.3 லிட்டர் இன்ஜினில் கம்பெனியின் உயர் அழுத்த ஃப்யூல் பம்ப் அதிக பூஸ்டில் திணறும், கனெக்டிங் ராடும் கீழ் ஆர்பிஎம்மில் வரும் அதிக டார்க்கைத் தாங்காது. ஆர்எக்ஸ்-7 போன்ற ரோட்டரி இன்ஜினில் நாக்கிங்குக்கு மன்னிப்பே இல்லை, ரோட்டரின் முனைகளில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் போய்விடும். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் வண்டி என்றால் இன்ஜினைவிட கியர்பாக்ஸ்தான் முதல் எல்லை: ட்ரை கிளட்ச் கொண்ட டிகியூ200 கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கும், வெட் கிளட்ச் கொண்ட டிகியூ250 கியர்பாக்ஸ் 350 நியூட்டன் மீட்டருக்கும் வடிவமைக்கப்பட்டவை. ஒரே தொகையை இந்த வண்டிகளில் ஒரே மாதிரி செலவழிப்பது தவறு. 4ஜி63 வைத்திருப்பவர் மேப்பில் துணிந்து போகலாம். மஸ்தாக்காரர் முதலில் ஃப்யூல் பம்பின் உள்பாகங்களை மாற்றிவிட்டுத்தான் மற்றதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அளவெடுக்காமல் ஆரம்பிக்காதீர்கள்

பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். பூஸ்டில் முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது இந்த விகிதம் பொதுவாக 11-க்கும் 12-க்கும் நடுவே இருக்கும்படி ட்யூன் செய்வார்கள். கூடுதலாகப் போகும் பெட்ரோல் சிலிண்டரைக் குளிர்விக்கும், நாக்கிங்கைத் தள்ளிப்போடும். 13-ஐத் தாண்டிவிட்டால் பெரும்பாலான டர்போ இன்ஜினுக்கு ஆபத்து. இந்த 11, 12, 13 எல்லாம் எங்கே தெரியும்? பழைய வண்டிகளில் இருக்கும் சாதாரண ஆக்சிஜன் சென்சார் 14.7-ஐ ஒட்டி மட்டும்தான் நம்பகமாகச் சொல்லும், அதிலிருந்து விலகினால் 'அதிகம்', 'குறைவு' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். பூஸ்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க வைட்பேண்ட் சென்சார் வேண்டும்.

பாஷ் கம்பெனியின் எல்எஸ்யூ 4.9 சென்சாரை வைத்து ஓடும் வைட்பேண்ட் கேஜ்கள் பல பிராண்டுகளில் கிடைக்கின்றன. சென்சாரை டர்போவுக்குப் பின்னால், கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னால், குழாயின் மேல்பாதியில் சாய்வாகப் பொருத்த வேண்டும். கீழே பொருத்தினால் நீர்த்துளி தேங்கி சென்சாரைக் கெடுக்கும். புதிய வண்டிகள் பலவற்றில் வைட்பேண்ட் கம்பெனியிலிருந்தே வருகிறது, வண்டியின் கணினியோடு பேச உதவும் ஓபிடி போர்ட் வழியே அதைப் படித்துக்கொள்ளலாம், தனிச் செலவு தேவையில்லை.

வைட்பேண்ட் வாங்கும் பணத்தில் ஏர் ஃபில்டர் கிட் ஒன்று வந்துவிடும். எதை வாங்குவது என்று கேட்டால் தயக்கமே இல்லாமல் வைட்பேண்ட் என்பேன். கிட் போட்டால் டர்போ காற்றை உறிஞ்சும் சத்தம் நன்றாகக் கேட்கும், ஆனால் அது எந்த ஆபத்தையும் உங்களுக்குச் சொல்லாது. வைட்பேண்டோடு ஒரு பூஸ்ட் கேஜும், ஈசியூவின் தகவல்களைப் பதிவு செய்ய ஒரு கேபிளும் லேப்டாப்பும் இருந்தால் போதும். ஆர்பிஎம், பூஸ்ட், காற்று-பெட்ரோல் விகிதம், இக்னிஷன் டைமிங் (பொறி விழும் நேரம்), நாக் கரெக்ஷன் (நாக்கிங்கைக் கண்டு ஈசியூ டைமிங்கைப் பின்னே இழுத்த அளவு), உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை, இன்ஜெக்டர் ட்யூட்டி (பெட்ரோல் தெளிப்பான் திறந்திருக்கும் நேரத்தின் சதவீதம்) ஆகிய ஏழும் ஒரே பதிவில் கிடைத்தால் இன்ஜின் உங்களோடு பேச ஆரம்பித்துவிடும்.

பூஸ்டை ஏற்றும் வழிகள்

மிக மலிவான வழி மேனுவல் பூஸ்ட் கன்ட்ரோலர். ஒரு பித்தளைக் கூடு, அதற்குள் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு குண்டும். பூஸ்ட் அளவு மீறாமல் எக்ஸாஸ்ட் புகையை டர்போவைச் சுற்றி வெளியே விடும் வேஸ்ட்கேட் வால்வுக்குப் போகும் காற்றுக்குழாயின் நடுவே இதைப் பொருத்தித் திருகைத் திருப்பினால், வேஸ்ட்கேட்டுக்கு உண்மையான அழுத்தம் தெரியாமல் அது தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் ஏறும். விலை குறைவு, அரைமணி நேர வேலை. 1980களிலும் 90களிலும் வந்த வண்டிகளில், பெட்ரோல் கணக்கில் கொஞ்சம் இடமிருந்தால், சின்ன அளவில் இது வேலை செய்யும். ஆனால் ஈசியூவுக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாது. இக்னிஷன் டைமிங்கை அது பழைய கணக்கிலேயே வைத்திருக்கும். குளிரான இரவில் காற்று அடர்த்தியாகும்போது பூஸ்ட் எகிறலாம். அளவு மீறினால் ஈசியூ பெட்ரோலை நிறுத்தி (ஃப்யூல் கட்) வண்டி முகத்தில் அடித்தது போல நிற்கும். பெடலுக்குக் கேபிள் இல்லாமல் ஈசியூவே த்ராட்டிலைத் திறந்து மூடும் ட்ரைவ்-பை-வயர் முறை வந்த பிறகான வண்டிகளில் ஈசியூ முதலில் டார்க்கைக் கணக்கிட்டு, அதிலிருந்துதான் பூஸ்டை முடிவு செய்கிறது. கேட்டதைவிட அதிக பூஸ்ட் வந்தால் அதுவே த்ராட்டிலை மூடிவிடும், அல்லது சக்தியைக் குறைத்து ஓடும் லிம்ப் மோடுக்குப் போய்விடும். அந்த வண்டிகளுக்கு மேனுவல் கன்ட்ரோலர் வாங்குவது வீண்.

அடுத்தது பிக்கிபேக் பாக்ஸ். பூஸ்ட் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவே இதைச் செருகுகிறோம். உண்மையில் 1.2 பார் இருக்கும்போது ஈசியூவிடம் 1 பார் என்று சொல்லும், ஈசியூவும் பூஸ்டை ஏற்றிக்கொண்டே போகும். மாட்டுவது எளிது, கழற்றினால் தடயம் அநேகமாக இருக்காது, சர்வீஸுக்குப் போகும் முன் எடுத்துவிடலாம் என்பதுதான் பலரை இழுக்கிறது. கம்பெனியின் வைட்பேண்டும் நாக் சென்சாரும் வேலையில் இருப்பதால் புதிய வண்டிகளில் பெட்ரோல் அளவு ஓரளவு தானாகச் சரியாகிக்கொள்ளும்.

எனக்கு இதில் ஒரு பெரிய மனத்தடை உண்டு. ஈசியூ இக்னிஷன் டைமிங்கை லோடு, அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று போகிறது என்ற கணக்கை வைத்துத்தான் எடுக்கிறது. லோடு அதிகமானால் டைமிங்கைக் குறைக்க வேண்டும். பூஸ்ட் குறைவு என்று பொய் சொன்னால் ஈசியூ குறைந்த லோடுக்கான, அதாவது பொறி முன்கூட்டியே விழும் (அதிக அட்வான்ஸ் கொண்ட) டைமிங்கை எடுக்கும். எந்த இடத்தில் நாக்கிங்குக்கு எதிராகப் பின்வாங்க வேண்டுமோ அதே இடத்தில் முன்னேறுகிறோம். மிச்சத்தை நாக் சென்சார் காப்பாற்றும் என்று நம்பி ஓட வேண்டியிருக்கிறது. கார் நெட்வொர்க்கில் நேரடியாக இணைந்து பூஸ்ட், டைமிங், பெட்ரோல் மூன்றையும் கவனிக்கும் நல்ல பாக்ஸ்களும் இருக்கின்றன, பிஎம்டபிள்யூவுக்கு வரும் ஜேபி4 அந்த வகை. அவற்றைச் சாதாரண இரண்டு வயர் பெட்டிகளோடு சேர்க்கக் கூடாது. ஈசியூ பூட்டப்பட்டிருந்து இன்னும் யாரும் திறக்கவில்லை என்றாலோ, வண்டி வாரண்டியில் இருந்தாலோ நல்ல பிக்கிபேக் நியாயமான தேர்வு. மற்றவர்களுக்கு அல்ல.

மூன்றாவது வழி ஈசியூவையே மாற்றி எழுதுவது. இதில் இரண்டு கிளைகள், இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம்.

ஒன்று, கடையில் தயாராகக் கிடைக்கும் மேப். கையடக்கக் கருவியோ கேபிளோ வாங்கி ஓபிடி போர்ட்டில் செருகி, 'ஸ்டேஜ் 1' என்ற பெயரில் வருவதை ஏற்றிக்கொள்வது. ஏர் ஃபில்டர் முதல் சைலன்சர் வரை எல்லாம் கம்பெனி நிலையில் இருக்கும் வண்டிக்கு இது நன்றாகவே பொருந்தும், ஏனென்றால் அதே நிலையில் இருந்த வண்டியை வைத்துத்தான் அந்த மேப்பை எழுதியிருப்பார்கள். அதில் எழுதியிருக்கும் ஆக்டேன் அளவுக்குக் குறைவான பெட்ரோலை மட்டும் ஒருபோதும் ஊற்றக் கூடாது.

இன்னொன்று, உங்கள் வண்டிக்கென்றே எழுதப்படும் மேப். ட்யூனர் வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கலாம். அவர் ஆரம்ப மேப்பை அனுப்புவார், நீங்கள் ஏற்றி, பாதுகாப்பான இடத்தில் ஓட்டிப் பதிவை எடுத்து அனுப்புவீர்கள். அதைப் பார்த்துத் திருத்தி அவர் அடுத்ததை அனுப்புவார். இப்படிச் சில சுற்றுகள் போகும். பட்ஜெட்டில் வீட்டிலேயே செய்பவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியாது. அனுபவசாலியின் கண்ணும் கிடைக்கிறது, வண்டியை நிறுத்திவைத்தே ஓட்டிச் சக்தியை அளக்கும் டைனோவுக்கு வண்டியைக் கொண்டுபோகும் செலவும் மிச்சம். எல்லாவற்றையும் விட, ஒவ்வொரு திருத்தத்திலும் என்ன மாறியது, ஏன் மாறியது என்று நீங்களே படித்துக் கற்றுக்கொள்ளலாம். நாக் கரெக்ஷன் வந்த ஆர்பிஎம்மில் டைமிங்கை ஒரு டிகிரி பின்னே இழுத்திருப்பார், பூஸ்ட் எகிறிய இடத்தில் வேஸ்ட்கேட் ட்யூட்டியைக் குறைத்திருப்பார். நான்கைந்து பதிவுகளைக் கவனமாகப் படித்தாலே வண்டி புரிய ஆரம்பிக்கும்.

தானே எழுத ஆசைப்படுபவருக்கும் வழி இருக்கிறது. சுபாருவுக்கும் மிட்சுபிஷிக்கும் ஈசியூஃப்ளாஷ் மென்பொருளும் டாக்ட்ரிக்ஸ் கேபிளும், சுபாருவுக்கு ஓப்பன் சோர்ஸ் ரோம்ரெய்டரும் பல வருடங்களாக இருக்கின்றன. மென்பொருளுக்குக் காசு இல்லை, கேபிளுக்குத்தான் செலவு. ஆனால் முதல் மேப்பை அனுபவமுள்ள ஒருவர் எழுதிக்கொடுத்து, அதற்குப் பிறகு சின்னச் சின்ன மாற்றங்களை நீங்கள் செய்வதுதான் இன்ஜினுக்கு நல்லது.

மாற்றி எழுதும்போது இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. பழைய மேப்பைப் படித்து இரண்டு இடத்தில் சேமித்துவிட்டுத்தான் புதியதை ஏற்ற வேண்டும். ஏற்றும் நேரம் முழுதும் பேட்டரி சார்ஜரை இணைத்தே வையுங்கள், பாதியில் வோல்டேஜ் விழுந்தால் ஈசியூ செயலிழந்துவிடலாம். வாரண்டி உள்ள வண்டியென்றால் பழைய மேப்பைத் திரும்ப ஏற்றினாலும் தப்பிக்க முடியும் என்று நினைக்க வேண்டாம். பல ஈசியூக்கள் எத்தனை தடவை எழுதப்பட்டோம் என்பதை எண்ணி வைத்திருக்கின்றன. ஃபோக்ஸ்வேகன், ஆடி வண்டிகளில் இது தெரிந்தால் ட்யூனிங் செய்யப்பட்டது என்று காட்டும் டிடி1 என்ற குறியீடு வண்டியின் பேரில் ஏறும்.

கடைசி வழி, கம்பெனி ஈசியூவைத் தூக்கிவிட்டுத் தனி ஈசியூ வைப்பது. மெகாஸ்கர்ட், ஆர்டுயினோ மெகா 2560 போர்டில் ஓடும் ஸ்பீடுயினோ, ரஸ்இஎஃப்ஐ போன்றவை இதை வீட்டு பட்ஜெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டன. போர்டை நீங்களே சால்டர் செய்து, மென்பொருளை நீங்களே ஏற்றி ஓட்டலாம். மனசுக்கு நிறைவான வேலை இது, சந்தேகமில்லை. ஆனால் குளிரில் ஸ்டார்ட் ஆவது, ஏசி போட்டதும் ஐடில் விழாமல் இருப்பது, சிக்னலில் நின்று கிளம்புவது என்று கம்பெனி என்ஜினியர்கள் மாதக்கணக்கில் செய்ததையெல்லாம் நீங்கள் முதலிலிருந்து செய்ய வேண்டும். வயரிங் உங்கள் பொறுப்பு. இன்ஜெக்டரும் இக்னிஷன் காயிலும் கட்டுப்படுத்தும் வயரில் ஒரு தளர்ந்த கனெக்ஷன், முழு பூஸ்டில் ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் போகாமல் செய்துவிடும். 1980, 90களின் வண்டி, கம்பெனி ஈசியூவைத் திறக்கவே வழியில்லை, தினசரி ஓட்ட வேறு வண்டி இருக்கிறது, நேரமும் பொறுமையும் இருக்கின்றன என்றால் இதுதான் சரியான பாதை. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் புதிய இன்ஜினுக்கு இந்த மலிவு வழியை நான் சொல்ல மாட்டேன், அங்கே கையாள வேண்டியது நூற்றுக்கு மேற்பட்ட பார் அழுத்தத்தில் ஓடும் பெட்ரோலை.

பாகங்களில் எது காசுக்குத் தகும்

ஆக்சிலரேட்டரை விட்டதும் மிஞ்சும் அழுத்தக் காற்றைத் திறந்தவெளிக்கு விடும் ப்ளோ-ஆஃப் வால்வு வேண்டாம். உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டியில் ஏற்கெனவே கணக்கில் எடுத்த காற்றை வெளியே விட்டால், கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் அதிகமாகிவிடும். சக்தியில் எதுவும் கூடாது.

ஏர் இன்டேக் கிட்டில் மறைவான ஆபத்து ஒன்று இருக்கிறது. மாஃப் சென்சார் இருக்கும் குழாயின் விட்டம் கொஞ்சம் மாறினாலும் அதன் கணக்கு தப்பிப்போய் பெட்ரோல் குறைந்துவிடலாம். அதற்கேற்ற மேப் இல்லாமல் மாட்டக் கூடாது. எண்ணெய் தடவிய ஃபில்டர் சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஏர்பாக்ஸில் புதிய காகித ஃபில்டர் போட்டால் பெரும்பாலான பட்ஜெட் வண்டிக்கு அதுவே போதும்.

உண்மையான போட்டி இன்டர்கூலருக்கும் டவுன்பைப்புக்கும் நடுவேதான். டர்போவிலிருந்து கீழே இறங்கும் டவுன்பைப்பும் அதிலிருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் பல வண்டிகளில் பெரிய தடை. அந்தத் தடை குறைந்தால் டர்போ சீக்கிரம் சுழல ஆரம்பிக்கும், அதே பூஸ்டில் சக்தி கூடும். சக்தி வேண்டும் என்று மட்டும் பார்த்தால் டவுன்பைப்தான் முன்னே நிற்கும். ஆனால் அதற்கு மேப் மாறியே ஆக வேண்டும், இல்லையென்றால் வேஸ்ட்கேட்டால் கட்டுப்படுத்த முடியாமல் ஆர்பிஎம்மோடு பூஸ்டும் ஏறிக்கொண்டே போகும். கேட்டலிடிக் கன்வர்ட்டரை எடுத்துவிடுவது பல நாடுகளில் சட்டவிரோதம், அது காற்றுக்கும் கேடு. துளை பெரிதான ஹை-ஃப்ளோ கன்வர்ட்டரோடு வரும் டவுன்பைப்பை மட்டும் கணக்கில் எடுங்கள், அதுவும் உங்கள் நாட்டு விதி அனுமதித்தால்.

இன்டர்கூலர் உச்ச சக்தியில் பெரிய எண் காட்டாது. ஆனால் ஐந்தாவது தடவை முழு வேகத்தில் போகும்போதும் முதல் தடவை கிடைத்த சக்தியே கிடைக்கும். சின்ன இன்டர்கூலர் வெயிலில் சூடேறி, உள்ளே போகும் காற்று ஐம்பது அறுபது டிகிரியைத் தாண்டினால் ஈசியூவே டைமிங்கைக் குறைத்துவிடும். முன்னே சொன்ன அந்த ஒரே கேள்விப்படி பார்த்தால் இன்டர்கூலர்தான் நாக்கிங்கிலிருந்து தள்ளி வைக்கிறது. வெப்பமான இடத்தில் ஓட்டுபவர், சர்க்யூட்டில் ஓட்டுபவர் இருவரும் இதைத்தான் முதலில் வாங்க வேண்டும். பதிவில் காற்று வெப்பநிலை ஏறவே இல்லையென்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். இதற்காகத்தான் அளவெடுப்பதை முதலில் வைத்தேன்.

பெரிய டர்போ பட்ஜெட் வேலை இல்லை. டர்போவோடு இன்ஜெக்டர், ஃப்யூல் பம்ப், கிளட்ச், சில வேளை பிஸ்டன், ராட் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். நடுவழி ஒன்று உண்டு: அதே குடும்பத்தில் அதிக சக்தி கொண்ட மாடலின் டர்போவை மாட்டுவது. கே03 டர்போ கொண்ட ஃபோக்ஸ்வேகன், ஆடி 1.8டி வண்டிகளில் ஆடி எஸ்3-இல் வந்த கே04-ஐ மாட்டுவது இப்படி வந்த பழக்கம்தான். பெயரில்லாத மலிவு டர்போவை மட்டும் தொடாதீர்கள். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டு சரியாகச் சமன்படுத்தப்படவில்லை என்றால் பேரிங் போய், உடைந்த துண்டு இன்ஜினுக்குள்ளும் போகலாம்.

ஸ்பார்க் பிளக் சின்ன செலவு, தவறாமல் செய்ய வேண்டியது. பூஸ்ட் ஏறினால் அழுத்தமான காற்றில் பொறி தாவுவது கடினமாகும், முழு வேகத்தில் விக்கல் வரும். ஒரு படி குளிரான பிளக், இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். பல வண்டிகளுக்கு இதுவே போதும்.

பெட்ரோலை மாற்றினால்?

1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் கார் டர்போவோடு 10.25:1 கம்ப்ரஷனும் வைத்திருந்தது. நாக்கிங்கை அடக்க அதில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்று தனித் தொட்டியிலிருந்து போகும். அதை நிரப்ப மறந்தால் பூஸ்ட் குறைந்துவிடும். உரிமையாளர்கள் மறக்கத்தான் செய்தார்கள். அன்றைக்கு இருந்த இக்கட்டு இன்றைய வாட்டர்-மெத்தனால் கிட்டிலும் அப்படியே இருக்கிறது: மேப் அதை நம்பி எழுதப்பட்டிருந்து, தொட்டி காலியானாலோ நாசில் அடைத்தாலோ இன்ஜினுக்குப் பாதுகாப்பு போய்விடும். அழுத்தம் விழுந்தால் உடனே பூஸ்டைக் குறைக்கும் ஏற்பாடு இல்லாத கிட் வேண்டாம்.

பம்பில் இ85 (85 சதவீதம் வரை எத்தனால் கலந்த எரிபொருள்) கிடைக்கும் இடத்தில் இருப்பவருக்கு அதுதான் சிறந்த பேரம். எத்தனால் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும், ஆவியாகும்போது காற்றையும் குளிர்விக்கும். ஆனால் பெட்ரோலைவிட சுமார் 30 சதவீதமாவது அதிகமாகத் தெளிக்க வேண்டும். இன்ஜெக்டர் ட்யூட்டி ஏற்கெனவே 85 சதவீதத்தை நெருங்கிவிட்டது என்று பதிவு சொன்னால் பெரிய இன்ஜெக்டரும் பம்பும் இல்லாமல் அந்தப் பக்கம் போக முடியாது. அங்கே டவுன்பைப்புக்கு வைத்த பணத்தை இன்ஜெக்டருக்கு மாற்றுவேன்.

மீதிப் பணம்

மேப் மாற்றிய முதல் வாரத்தில் கிளட்ச் வழுக்கும் வாய்ப்பு அதிகம். மூன்றாவது, நான்காவது கியரில் ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் அதுதான். அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்கி வையுங்கள், அல்லது கீழ் ஆர்பிஎம்மில் டார்க்கைக் கொஞ்சம் குறைத்து எழுதச் சொல்லுங்கள். கனெக்டிங் ராடும் அதற்கு நன்றி சொல்லும், ஏனென்றால் ராடை வளைப்பது மேல் ஆர்பிஎம் குதிரைத்திறனைவிடக் கீழ் ஆர்பிஎம்மில் திடீரென வரும் டார்க்தான். நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜினில் கீழ் ஆர்பிஎம்மில் அதிக பூஸ்ட் கொடுத்தால் பொறி வரும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரம் இந்த ஆபத்தையும் கணக்கில் எடுக்கிறது. ஆயில் வாங்கும்போது அந்தத் தரம் இருக்கிறதா என்று பாருங்கள், மாற்றும் இடைவெளியையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தின் இருமடிக்கு ஏற்ப பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் கூடுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து நிறுத்துவதற்கும் 140-லிருந்து நிறுத்துவதற்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். பெரிய பிரேக் கிட்டுக்கு முன்னால் புதிய டாட் 4 ஃப்ளூயிட், சூடு தாங்கும் பேட், நல்ல டயர் மூன்றும் போதும். மூன்றையும் சேர்த்தாலும் அந்தக் கிட்டின் விலையில் சிறு பங்குதான் வரும். இன்டர்கூலரா டயரா என்ற நிலை வந்தால் டயர். பதிவெடுக்க முழு வேகத்தில் ஓட்டுவதைப் பொதுச் சாலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். சர்க்யூட்டிலோ, அரைநாள் வாடகைக்கு எடுத்த டைனோவிலோ செய்யுங்கள். வண்டிக்கு அடியில் போகும் ஒவ்வொரு தடவையும் ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம், ஜாக்கை மட்டும் நம்பி யாரும் கீழே போகக் கூடாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றங்களைத் தெரிவித்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு பணம் மிஞ்சினால், ட்யூனருக்கு இன்னொரு சுற்றுப் பதிவு அனுப்புங்கள். வெயில் காலத்தில் எழுதிய மேப்பைக் குளிர்காலத்தில் ஒரு தடவையும், குளிர்காலத்தில் எழுதியதை வெயிலில் ஒரு தடவையும் சரிபார்ப்பது, எந்தப் புதிய பாகத்தையும்விட அந்த இன்ஜினை அதிக நாள் ஓட வைக்கும்.